ஜம்புலிங்கம் படிக்க முடியாத கடிதம்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. திருவள்ளூர் ரயிலில் இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். அம்பத்தூரில் இறங்க வேண்டியவன், முடிவு தெரியாமல் மனசு கேட்காமல் திருநின்றவூர் வரை போனேன். முடிவுக்கு முன்னால் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1999. அம்பத்தூர் வானத்தில் மேகங்கள் ரகசிய எழுத்துகளைப் போல..."

(பொய். அன்று மேகமே இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

2

ஞானசௌந்தரியின் கணவன் செபாஸ்டியனுக்கு மஸ்கட்டில் வேலை. அவன் அனுப்பும் மின்னஞ்சல், தெருமுனையில் ஜம்புலிங்கம் வைத்திருந்த கம்ப்யூட்டர் கடைக்கு வரும். ஜம்புலிங்கம் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுப்பான். கொடுப்பதற்கு முன் படித்துவிடுவான். படித்ததைச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் தண்ணீர் லாரிக்கு நிற்கையில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் கேட்டாள்: "இன்னா சௌந்தரி, உங்க ஊட்டுக்காரருக்கு மூலம் தேவலையா?"

சௌந்தரிக்கு அந்த வாரக் கடிதமே இன்னும் வந்து சேரவில்லை.

விஷயம் தெரிந்து செபாஸ்டியன் கொதித்தான். ஊருக்கு வந்த நண்பன் பாஸ்கரனிடம் ஒரு பிளாப்பி கொடுத்தனுப்பினான். கடிதத்தைப் பூட்டும் மென்பொருளும் திறக்கும் சாவியும் அதில் இருந்தன. கூடவே ஒரு ரகசியச் சொல்லும் அடிக்க வேண்டும். அதைப் போனில் சொன்னான்.

(போனும் ஜம்புலிங்கம் கடையில்தான். வேறு போன் கொடுத்தால் கதை அப்போதே முடிந்துவிடும்.)

3

பூட்டிய முதல் கடிதம் வந்தது. மூன்று பக்கம்.

"அக்கா, மாமாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சி. ஏபிசிடிய மிக்ஸில போட்டு அட்ச்சா மாரி எழுதிக்கீறாரு," என்றான் ஜம்புலிங்கம். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

வாரச் செய்தி நின்றுபோன தெரு, தானே செய்தி தயாரித்தது. செபாஸ்டியன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். இல்லை, உளவாளி ஆகிவிட்டான். இரண்டும்தான் என்றாள் கன்னியம்மாள்.

மாமியார் அன்னம்மாளை வில்லியாக்கப் பார்த்தேன். "எம்புள்ள எழுதுனது எனக்கே தெரியக்கூடாதா? ஞாயித்துக்கெழமக்குள்ள படிச்சிக் காட்டு. இல்லன்னா பூசை முடிஞ்சதும் ஃபாதராண்ட குடுத்துடுவேன்!" என்று கத்தவும் வைத்தேன். ஆனால் கத்திய பிறகு அவள் அந்தத் தாள்களை மடியில் விரித்து, விரலை வரிவரியாக ஓட்டித் தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். அதற்குமேல் அவளை என்னால் வில்லியாக்க முடியவில்லை.

4

சனிக்கிழமை நடுமத்தியானம். சௌந்தரி ஜம்புலிங்கத்தை வெளியே தள்ளி ஷட்டரை இழுத்துவிட்டாள். வெயிலில் அவன், அன்னம்மாள், அவர்களுக்குப் பின்னால் தெரு.

பிளாப்பியைப் போட்டாள். சொல்லை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு. தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எத்தனை விதமாகத்தான் எழுதுவது? ஐந்தாவது முறை அழுகை வந்துவிட்டது.

வெளியே ஜம்புலிங்கத்தால் தாங்க முடியவில்லை. ஷட்டரில் வாயை வைத்துக் கத்தினான்: "அக்கா! 'குண்டு கத்திரிக்கா'ல ஒரு டிதான்! எச் கெடையாதுன்னு மாமா போன்ல சொன்னாரே!"

மொத்தத் தெருவும் அவன் பக்கம் திரும்பியது.

உள்ளே கடிதம் திறந்துகொண்டது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் செபாஸ்டியன் திரும்பி வருகிறான். இரண்டாவதில் வரப்போவதில்லை. மூன்றாவதில் மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்...

மூன்றையும் அடித்துவிட்டேன். பூட்டிய கடிதத்தை நான் எதற்குப் பிரிக்க வேண்டும்?

ரயிலில் கேட்ட கடைசித் துண்டு இதுதான். அரைமணி கழித்து ஷட்டர் மேலே ஏறியது. சௌந்தரியின் கண் சிவந்திருந்தது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, முதல் வரியே உங்களப் பத்திதான். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி கீதுன்னு கேட்டுக்கீறாரு."

"மீதி?"

"மீதி எனக்கு."

அன்னம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "வா, ஊட்டுக்குப் போலாம்," என்றாள்.

முதல் வரி நிஜமாகவே அதுதானா, மீதியில் என்ன இருந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜம்புலிங்கத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.