டெய்லருக்கு ஜோடி

"இன்னைக்கு ஒரு நாள் நீ எனக்குத் தம்பியா இருக்க வேண்டாம். கவுன்சிலரா இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

"கவுன்சிலரா இருந்தா உன் பக்கத்துல உட்காரவே கூடாதே" என்று சொல்லிக்கொண்டே தம்பி அவள் சாப்பாட்டு டப்பாவுக்குள் கையை விட்டான்.

மாமன்றக் கட்டடத்தின் கேன்டீன். பட்ஜெட் நாள் என்பதால் உட்கார இடமில்லை. அவன் ஆளும் கட்சி, மார்க்கெட்டில் குழாய்க்கடை. அவள் எதிர்க்கட்சி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது நிருபர்களுக்கு வருஷா வருஷம் தீனி.

இந்த முறை சண்டை காப்பகத்துக்காக. பஸ் டிப்போவுக்குப் பின்னால், வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அதை மூடி, அந்தப் பணத்தில் மார்க்கெட்டுக்கு வடிகால் கட்டுவது ஆளும் கட்சியின் திட்டம். மூடக்கூடாது என்பது எதிர்க்கட்சியின் திருத்தம். வரி போடாதே என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாத வியாபாரிகள் அணி பாதி இங்கே, பாதி அங்கே. கூட்டிக் கழித்தால் திருத்தம் ஒரே ஓட்டில் ஜெயிக்க வேண்டும்.

அந்த ஒரு ஓட்டுதான் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டது. எதிர்க்கட்சியின் மூத்த கவுன்சிலர், எல்லோருக்கும் அவர் 'டெய்லர்', இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது இரண்டு பக்கமும் சமம். சமமானால் மேயரின் ஓட்டு. மேயர் ஆளும் கட்சி.

"முன்னாடி ஒரு வழக்கம் இருந்துச்சே" என்றாள் அக்கா. "ஒரு பக்கம் யாராவது முடியாம படுத்துட்டா, எதிர்ப்பக்கத்துலயும் ஒருத்தர் எழுந்து வெளியே போயிடுவாங்க. ஜோடி போடறதுன்னு சொல்லுவாங்க. உங்க கட்சி ஆளுங்கதான் அதுக்குப் பேர்போனவங்க."

"அதெல்லாம் அந்தக் காலம்க்கா. இப்ப எங்க கொறடா காதுல விழுந்தா ஜோடி போட மாட்டாரு, என்னை மூட்டை கட்டிடுவாரு."

"அம்மா மில்லுக்குப் போனப்ப நாம ரெண்டு பேரும் அந்தக் காப்பகத்துலதானேடா வளர்ந்தோம்?"

"அம்மாவை இழுக்காதே. அம்மா இருந்திருந்தா எனக்குத்தான் ஓட்டு."

"ஆமா, செல்லப்பிள்ளை!"

"மழை பேஞ்சா மார்க்கெட்ல முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணி. அதுல உட்கார்ந்து காய் விக்கறதும் பொம்பளைங்கதான். அவங்க உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் டப்பாவை மூடினாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மன்றம் கூடியது. கொறடா வடிகாலைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். தம்பிக்கு மனசு எங்கோ போயிற்று. காப்பகத்தின் நீலக் கதவு. எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்காக டம்ளர்களில் வரைந்த படங்கள். அக்காவுக்குக் குடை, அவனுக்கு நத்தை. மத்தியானத் தூக்கத்தில் அவன் அவள் பாவாடை நுனியைப் பிடித்திருப்பான். விட்டால் அழுகை. சுவரில் அம்மா வரும் நேரத்துக்குச் சரியாக வெயில் ஏறும். மில் பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருக்க, அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள்.

"டெய்லர் பாத்ரூமை அளவெடுக்கப் போய் விழுந்துட்டாராம்ப்பா" என்று பின்வரிசையில் ஒரு குரல். "நமக்கு ஜெயிப்புதான்!" ஆளும் கட்சி பெஞ்சு முழுக்கச் சிரிப்பு.

தம்பியும் பாதி சிரித்தான். மீதி வரவில்லை.

காப்பக முற்றத்தில் ஒரு சீசா பலகை உண்டு. ஒரு நாள் எதிரே இருந்த பையன் வழுக்கி விழுந்ததும் இவன் "நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினான். ஆயா வந்து காதைப் பிடித்தாள். "அவன் விழுந்தா நீ எப்படிடா ஜெயிச்சே? இறங்கு. அவன் எழுந்து வரட்டும், அப்புறம் ரெண்டு பேரும் ஏறுங்க."

"வாக்கெடுப்பு" என்றார் மேயர். "கதவைச் சாத்துங்க."

தம்பி எழுந்தான்.

"எங்கேய்யா?" என்றார் கொறடா.

"டெய்லருக்கு ஜோடி."

"வெளியே போனா உள்ளே வர வேண்டாம்!"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. உள்ளே முதலில் அமைதி, பிறகு எதிர்க்கட்சி மேசைகளைத் தட்டும் சத்தம். காப்பகம் பிழைத்தது. மார்க்கெட் வடிகால் போயிற்று. அவனுக்குச் சந்தோஷமா துக்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ இருக்கற பணிக்குழுவிலிருந்து தூக்கிடுவாங்களாடா?"

"நாளைக்கே. அடுத்த தேர்தல்ல சீட்டும் கிடையாது. அது பரவாயில்லை. மழை வந்தா அந்தப் பொம்பளைங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"அடுத்த வருஷம் நீ வடிகாலுக்குத் திருத்தம் கொடு. நான் கை தூக்கறேன்."

"உங்க கட்சி விடுமா?"

"விடலைன்னா எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

"நீ படுத்துட்டா உனக்கு ஜோடியா நான்தானே எழுந்து வெளியே வரணும்? அப்புறம் வடிகாலுக்கு யாருக்கா ஓட்டுப் போடறது?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே எழப்போனவள் நின்றாள். அவள் புடவைத் தலைப்பின் நுனி அவன் கைக்குள் இருந்தது.