இடப்பக்கம் இழுக்கும் விமானம்

ஹமீது சுல்தான் மவுத்தாகிச் சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், அவர் மனைவி மஜீதா அவருடைய அறையிலிருந்த கம்ப்யூட்டரைப் போட்டாள். துக்கத்துக்கு வரும் பெண்கள் எட்டிப் பார்க்காத அறை வீட்டில் அது ஒன்றுதான்.

அவள் இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. பெரியபட்டினத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலுக்குத் திரை போட்டாயிற்று. தெருப்பக்க ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. வருகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், பிறகு எப்படி நடந்தது என்று கேட்பார்கள். குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்ததை அவள் முதலிலிருந்து சொல்வாள். அடுத்தவர் வந்ததும் மறுபடி சொல்வாள். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்ததுபோல ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஹமீது சுல்தான் தம்மாம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டியவர். லீவில் வரும்போதெல்லாம் இந்த அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவார். மூக்கில் ஒற்றை விசிறி வைத்த சின்ன விமானம். "அங்கதான் ஏரோப்பிளேனுனா இங்கயுமா?" என்று மஜீதா சண்டை பிடித்திருக்கிறாள். ஒருநாளும் அது அவருக்கு நேராகப் போனதில்லை. ஓடுதளத்திலேயே இடப்பக்கம் இழுக்கும். "சைனா சாமான், குச்சியே கோணல்" என்று கையிலிருக்கும் ஜாய்ஸ்டிக்கைத் திட்டுவார்.

அவளுக்கும் இடப்பக்கமே இழுத்தது. பக்கத்து உச்சிப்புளியின் ஓடுதளமே திரையில் இருந்தது; அதில் கிளம்பி, புல்லில் இறங்கி, வேலியில் மோதி நின்றது. மறுபடி ஓட்டினாள், மறுபடி மோதினாள். எப்படி நடந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மறுநாளும் அந்த அறைக்குப் போனாள்.

திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் அம்ரீனிடம் போனில் சொன்னாள்.

"உம்மா, நீங்களா ஓட்டுறீக?"

"ஏன் கேக்குறே? குச்சி நெசமாவே கோணல்தானா?"

அம்ரீன் விசாரித்துவிட்டு ராத்திரி திரும்பக் கூப்பிட்டாள். "குச்சி நல்லாத்தான் இருக்காம் உம்மா. இஞ்சின் வேகமாச் சுத்துனா ஒத்த விசிறி ஏரோப்பிளேன் எல்லாமே இடது பக்கம்தான் திரும்புமாம். நெசமான ஏரோப்பிளேனும் அப்படித்தானாம். வலது காலால மிதிச்சுக்கிட்டே இருக்கணும். காலுக்கு ரெண்டு மிதிகட்டை வாங்குனாகளே வாப்பா, அது எங்கன?"

பரணில் இருந்தது, பிரிக்காத பெட்டியோடு. குச்சியோடு சேர்ந்து வந்த அதைக் கார் விளையாட்டுக்கு உள்ளது என்று நினைத்து அவர் தூக்கிப் போட்டிருந்தார்.

மிதிகட்டையை மேசைக்கு அடியில் வைத்து மாட்டினாள். திரையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் கறுப்பாக ஒரு உருண்டை. உருண்டை எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துக் காலை அமுக்க வேண்டும். கிளம்பும்போது நிறைய அமுக்க வேண்டும். மேலே போய் இஞ்சினைக் குறைத்ததும் காலையும் தளர்த்த வேண்டும். தளர்த்த மறந்தால் விமானம் வலப்பக்கம் திரும்பிவிடும். கை செய்வதைக் கால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ராத்திரி படுக்கும்போது அவளுக்குக் கெண்டைக்கால் வலித்தது.

ஹமீது சுல்தானின் தங்கை காலிதா ஒருநாள் தேத்தண்ணியோடு உள்ளே வந்து பார்த்துவிட்டாள். புருசன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

"மதினி! இத்தாவுல இருக்குறவுக விளையாடலாமா?"

"தெரியலை. நீயே கேளு."

காலிதா உடனே பெண்கள் மதரஸாவில் ஓதித்தரும் ஆலிமாவுக்குப் போன் போட்டாள். "ராமேஸ்வரம் வரைக்கும் போறாக ஆலிமா. கடலுக்கு மேல போறாக. இது வெளிய போன கணக்கா?"

ஆலிமா சிரித்தது மஜீதாவுக்கே கேட்டது. "உடம்பு எங்கன இருக்கோ அங்கனதானேம்மா அவுக இருக்காக. தொழுகைய விடாமப் பாத்துக்கச் சொல்லு."

உடம்பு இங்கேதான் இருந்தது. விமானம் அரியமான் கரைக்கு மேல் போகும்போதும் பின்னால் கொல்லையில் கோழி கத்தியது. தன் ஊரைத் தேடிப்போனாள் ஒருநாள். பெரியபட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்தன, எந்த நாட்டு வீடுகளோ. பள்ளிவாசல் இல்லை, அவரை அடக்கிய கபர்ஸ்தான் இல்லை. வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பிறகொரு நாள் அது நேராகப் போனது. உருண்டை குழாயின் நடுவில் அசையாமல் நின்றது. பாம்பன் பாலம் கீழே கடந்தது, தனுஷ்கோடி மணல் மெலிந்து மெலிந்து முடிந்தது. "இங்க பாருங்க" என்று திரும்பினாள். பின்னால் கட்டில் காலியாக இருந்தது. குச்சி கோணல் இல்லை, சூட்சுமம் காலில்தான் இருந்தது என்று அவரிடம் சொல்ல வழியில்லை. யார் கையையும் பிடிக்காமல், யாருக்கும் எதுவும் சொல்லாமல் அன்றைக்குத்தான் அழுதாள். அதற்குள் விமானம் கடலில் விழுந்துவிட்டது.

இத்தா முடியச் சில நாள் இருக்கும்போது கீழக்கரையிலிருந்து அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன் அப்துல் குத்தூஸ் வந்தார். கூடவே காலி அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்திருந்தார்.

"சாமானெல்லாம் கட்டி வச்சிரு மஜீதா. மாடி ரூமை உனக்குன்னு ஒழிச்சு வச்சிருக்கேன். இந்த வீட்டை வாடகைக்கு விட ஆள் சொல்லியாச்சு."

அந்த மாடி அறையை அவளுக்குத் தெரியும். ஒரே ஜன்னல், திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

"காலிதா?"

"அவ சின்னாப்பா வீட்டுக்குப் போகட்டும். அவுக பொறுப்பு அது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. காக்கா நல்லவர். மவுத்து அன்றைக்கு எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தவர். கெட்டவராக இருந்திருந்தால் சொல்வது லேசாக இருந்திருக்கும்.

"நான் வரலை காக்கா."

"தனியா இருந்து என்ன செய்யப்போறே?"

"தெரியலை."

"தெரியலைன்னா? ஆம்பளை இல்லாத வீட்டுல ரெண்டு பொம்பளையா?"

"அவுக தம்மாமுல இருந்தப்பவும் இது ஆம்பளை இல்லாத வீடுதான் காக்கா. அப்ப நீங்க பெட்டி கொண்டு வரலையே."

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். காலிதா கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. தினமும் வரும் காக்கா மனைவியின் போன் அன்றிலிருந்து நின்றது. "உம்மா, நல்லா யோசிச்சீகளா?" என்று அம்ரீன் கேட்டாள். யோசித்ததாக மஜீதா பொய் சொன்னாள்.

இத்தா முடிந்த காலையில் குளித்து, தொழுது, புர்கா போட்டு வாசல் திரையை விலக்கினாள். காலிதாவும் வந்து நின்றாள். வெயில் கண்ணைக் குத்தியது.

"எங்கன போறோம் மதினி?"

மஜீதா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். இத்தனை நாளும் வெளியே போவதைப் பற்றி நினைத்திருந்தாளே தவிர, போக ஒரு இடம் வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தெருமுனை வரை நடந்து, வேறு வழி தெரியாமல் கடற்கரைப் பக்கம் திரும்பினார்கள். மீன் விற்கும் இடத்தில் நாலைந்து ஆண்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள்.

"சுல்தான் பாய் வீட்டுலயா?" என்றார் மீன்காரர். "சொல்லிவிட்டா நானே கொண்டாந்து தருவேனே. நீங்க எதுக்கு வந்தீக? வீட்டுல இருங்க."

அன்பாகத்தான் சொன்னார்.  மஜீதா கூடையிலிருந்த விளமீனைக் காட்டி, கேட்டதைக் கொடுத்து வாங்கினாள். மீன் வாங்கி அவளுக்குப் பழக்கமில்லை. ஊரில் எப்போதும் ஆம்பளைகள்தான் வாங்குவார்கள்.

"செவுளைத் தூக்கிப் பாத்தீகளா? வெளுத்துப் போய்க் கெடக்கு. நேத்து மீனு" என்று வீடு வரும்வரை காலிதா திட்டிக்கொண்டே வந்தாள்.

நேற்றைய மீன்தான். புளியைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றி ஆக்கி, ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள்.