மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் கோட்டை

மோன்ருவேல் என்கிற ஊரில் மொத்தம் நூற்றுத் தொண்ணூறு பேர். காசிமேட்டில் அத்தனை பேர் ஒரு டீக்கடை வாசலிலேயே நிற்பார்கள். அந்த நூற்றுத் தொண்ணூறில் தன் மகன் பிரகாஷும் சேர்த்தியா, இல்லை பூமியிலேயே இல்லையா என்று தெரியாமல் எத்திராஜ் எழுபத்தோரு நாளாகச் செத்துக்கொண்டிருந்தார்.

பிரான்சில் திராட்சைத் தோட்ட வேலை என்று சொல்லி ஏஜெண்டு சுற்றுலா விசாவில் அனுப்பி வைத்தான். பிரகாஷ் கடைசியாக அனுப்பியது ஒரு போட்டோ, தங்கியிருந்த வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது. கூடவே குரல்: "இந்த ஊரு பேரு மோன்ருவேல் நைனா. மலை மேல கீது. செம குளுரு." அதோடு சரி. போன் அணைந்துவிட்டது. ஏஜெண்டின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. விசாரிக்கப் போன மச்சான் வரதன், பிரியாணி நன்றாக இருக்கிறது என்று சொன்னதை எத்திராஜ் இன்னும் மன்னிக்கவில்லை.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் சிக்னல் போய்விடும் என்பதால் அவர் கடலுக்குப் போவதையே விட்டார். விசைப்படகு ஓட்டின கையால் போனை ஓட்டினார். மேப்பில் மோன்ருவேலின் தெருக்கள் எல்லாம் படமாகவே கிடந்தன. விரலால் தள்ளித் தள்ளி நடக்கலாம். தினமும் நடந்தார். கிணற்றடியிலிருந்து சர்ச்சுக்கு நாற்பத்து மூன்று படி. அத்தனை படி ஏறியும் மூச்சு வாங்காத ஒரே ஆள் நான்தான் என்று மனைவி புஷ்பவல்லியிடம் சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மகள் சௌமியா அந்த ஊரின் சரித்திரத்தைத் தமிழாக்கிக் கொடுத்தாள். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஆற்றங்கரையிலிருந்து மலையேறிய சனம். உச்சியில் ஒரு கோட்டை. நானூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ராஜா கோபத்தில் பாதியை இடித்துவிட்டான். அப்புறம் திராட்சைக் கொடிக்கு ஒரு பூச்சி வந்து, ஊரே பாதி காலியானது. சொந்தத் தாத்தாவின் பெயரைக் கேட்டாலே மோட்டுவளையைப் பார்க்கிற எத்திராஜ், மோன்ருவேல் கிணறு வெட்டின வருடத்தை டக்கென்று சொன்னார். ரேஷன் கடை வரிசையில் யாராவது "இன்னாண்ணே, எப்டி கீற?" என்றால் போதும், கோட்டையை இடிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் எந்த வீடு? அதுதான் தெரியவில்லை.

எழுபதாம் நாள் காலையில், பல் விளக்கிக்கொண்டே அந்தப் போட்டோவைப் பார்த்தவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. கடலில் போட்ட வலையை அவர் எப்படித் தேடி எடுப்பார்? படகில் இருக்கிற ஜிபிஎஸ் கருவி என்ன சொன்னாலும் அவர் கண் கரையைத்தான் பார்க்கும். திருவொற்றியூர் கோபுரத்துக்கு நேர் பின்னால் எது நிற்கிறது, எண்ணூர் புகைபோக்கிக்கு எந்தப் பக்கம் எது தெரிகிறது. இரண்டு கோடு சேருகிற இடத்தில் வலை. போட்டோவிலும் அதே மாதிரி மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் ஒரு விரல்கடை தள்ளி உடைந்த கோட்டை. வலது ஓரத்தில் ஒரு ஊசிமரம், அதற்கு நேர் பின்னால் தண்ணீர்த் தொட்டி.

மறுநாள் மத்தியானம் வரை சந்து சந்தாக விரலைத் தள்ளினார். கிணற்றுக்குக் கீழே, நீலக் கதவு போட்ட ஒரு வீட்டு வாசலில் இரண்டு கோடும் சேர்ந்தன.

"சௌமியா! அந்த ஊரு பஞ்சாயத்து ஆபீசுக்கு போனு போடு."

"நைனா, அவனுக்கு விசா முடிஞ்சிப்போச்சி. நாம கேக்கப்போயி, புடிச்சி உள்ள போட்டாங்கன்னா?"

"உள்ள போட்டா உசுரோட கீறான்னு அர்த்தம். போடும்மா."

அங்கே அப்போதுதான் ஆபீஸ் திறந்திருந்தது. போனை எடுத்த அம்மாவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. திராட்சை சீசன் முடிந்தது, வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், இந்தியர் யாரும் இல்லை என்றாள்.

"வெச்சிடப்போறாங்க நைனா!"

"இன்னான்னு சொல்லு, கிணத்துக்குக் கீழ நின்னு பாத்தா மணிக்கூண்டுக்கு லெஃப்டுல ஒரு விரலு தள்ளி கோட்டை தெரியும். ஊசிமரத்துக்குப் பின்னால தண்ணி டேங்கு. நீலக் கதவு."

சௌமியா திக்கித் திணறிச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்தவளாக இருக்க வேண்டும். "ஆ!" என்றாள்.

"அது ரொம்ப வருசமா பூட்டிக் கெடக்குற வூடாம். இருந்தாலும் போய்ப் பாக்குறாங்களாம்."

எத்திராஜ் மேப்பில் அந்த அம்மாவோடு கூடவே நடந்தார். இப்போது சர்ச். இப்போது படி. நாற்பத்து மூன்றையும் எண்ணினார். புஷ்பவல்லி மீனை ஆய்ந்த கையைக் கழுவாமலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அரை மணி கழித்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. நீலக் கதவில் பூட்டு. ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் ஒரு மஞ்சள் பனியன். முதுகில் தமிழில் எழுதியிருந்தது: காசிமேடு கேரம் கிளப்.

"அவுனுதுதான்!" என்று அலறினாள் புஷ்பவல்லி.

எத்திராஜ் அலறவில்லை. எழுபது நாளாகத் தொங்குகிற பனியனும் இதே மாதிரிதான் இருக்கும்.

"ஈரமா கீதா, காஞ்சி கீதா, கேளு" என்றார்.

சௌமியா கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா மழையாம் நைனா. எல்லாமே ஈரமா கீதாம்."

கண்டெய்னர் லாரி ஒன்று போனதில் சுவர் அதிர்ந்தது. புஷ்பவல்லிதான் முதலில் வாயைத் திறந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மழை வந்தா நம்ம வூட்ல மட்டும் என்னிக்கினா துணி எடுத்துகீறான், சோம்பேறி?"

எத்திராஜ் அந்தப் பனியனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் வெறும் மஞ்சள்தான் தெரிந்தது.

"அந்த அம்மாவாண்ட கெஞ்சிக் கேளும்மா. நாளைக்கு ஒரு தபா போய்ப் பாக்கச் சொல்லு" என்றார். "அவன் கீறான்னா எடுத்துடுவான். பனியன் அங்க இருக்கக் கூடாது."