நூற்று முப்பதுக்கு எண்பது

நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தமிழ்நிலா ஓர் இதய நோயாளியின் முன்னால் போய் நின்றாக வேண்டும். உடற்பயிற்சி உடலியங்கியல் படிக்கிறேன் என்றால் நெய்வேலியில் பாதிப் பேர் டிரில் மாஸ்டர் வேலைக்கா என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் சிரித்துச் சமாளிக்கப் பழகியிருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி. இதய ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவைப்பதுதான் வேலை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓர் ஆளைக் கூடுதலாக நடக்கவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரிச் செய்முறைத் தேர்வில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னபோது, ஸ்டெதாஸ்கோப்பில் அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை. தன் நெஞ்சு படபடப்பதுதான் காதை அடைத்தது. தேர்வு நடத்திய விஜயலட்சுமி மேடம் பக்கத்திலேயே நின்றார். வாய்க்கு வந்தபடி நூற்று முப்பதுக்கு எண்பது என்று எழுதிக் கொடுத்தாள். மேடம் பார்த்துவிட்டு, குட் என்றார். தோற்றிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்த ஒரு குட், ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பா தனகோட்டி மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணைப் பதினாறு வருடமாக வாரிப் போடுகிறவர். மகள் ஏறக்குறைய டாக்டர் என்பது அவருடைய கணக்கு. அவளும் திருத்துவதை விட்டுவிட்டாள். டவுன்ஷிப்புக்குள் வண்டி அதிகம் வராத ஒரு ரோட்டில், மர நிழலில் முப்பது மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் செங்கல் வைத்தாள். அவர் ஆறு நிமிடம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

"ஐயா, இப்பிடி உக்காருங்க. மொதல்ல பிபி பாத்துடறேன்."

"இன்னா பாப்பா, என்னப் போயி நீங்க வாங்கன்னுகினு," என்று அவர் ரோட்டோர மதகுக் கட்டையில் நெளிந்தபடி உட்கார்ந்தார்.

"நாளைக்கி அப்பிடித்தாம்பா பேசணும். கைய நீட்டு."

பட்டையைச் சுற்றினாள். முழங்கை மடிப்பில் நாடியை விரலால் தேடிப் பிடித்துவிட்டுத்தான் அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டு, ஏதோ ஓரிடத்தில் வைத்துக் காற்றடித்தாள். அந்த நேரம் பார்த்து முதல் ஷிப்ட் விட்ட பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. பஸ் போன பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதானே, சும்மா பழகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தாளில் நூற்று முப்பதுக்கு எண்பது என்று எழுதினாள். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக வந்தது.

பிறகு ஓர் அட்டையைக் காட்டினாள். "எவ்ளோ சிரமமா இருக்குதுன்னு நெம்பர் சொல்லணும். சும்மா இருந்தா பூஜ்யம். இனிமே ஒரு அடி வெக்க முடியாதுன்னா பத்து."

அவர் நடக்க ஆரம்பித்தார். முதல் நிமிடம் முடிந்ததும் கேட்டாள். "ரெண்டு," என்றார். இரண்டாவது நிமிடமும் அதே ரெண்டு. மூன்றாவது நிமிடம் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ரெண்டு," என்ற குரல் மட்டும் மாறவில்லை. அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

கேட்டிருந்தாள். வருடா வருடம் மைன்ஸில் நடக்கும் மெடிக்கல் பரிசோதனைக்கு முந்தின நாள் வீட்டில் ஒத்திகை நடக்கும். உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலைக்கு உள்ளே விடும் கேட் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம் அவருடைய செட் ஆட்கள் எல்லாருக்கும் உண்டு. ஏழு வயதில் தமிழ்நிலாதான் டாக்டர். மூச்சு வாங்குதா என்று கேட்பாள். இல்லீங்க என்பார். நெஞ்சு வலிக்குதா என்பாள். இல்லீங்க. முகம் மாறாமல் சொன்னால் கைதட்டுவாள்.

இப்போதும் முகம் மாறவில்லை. ஆனால் உதடு வெளுத்திருந்தது. இடது கை சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தது. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்குள் அவர் இன்னும் அரைச் சுற்று நடந்துவிட்டார். எந்த நொடிக்கு ஒரு மாதமாகப் பயந்தாளோ, அந்த நொடியில் அவள் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"நில்லுப்பா. போதும், நில்லு."

ஓடிப்போய்த் தாங்கி, மதகுக் கட்டையில் சாய்த்து உட்காரவைத்தாள். "உண்மையச் சொல்லு. நெஞ்சுல என்னா பண்ணுது?"

"கல்லத் தூக்கி வெச்சாப்புல இருக்குது. செத்த உக்காந்தா போயிடும். ரெண்டு மாசமா இப்பிடித்தான் வந்துகினு போய்கினு இருக்குது."

பட்டையை மறுபடி சுற்றி, இந்த முறை விரலால் நாடியைத் தேடினாள். அதன் மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். காற்றடித்து, மெதுவாக விட்டாள். நூற்றுத் தொண்ணூறில் முதல் சத்தம் கேட்டது. டப், டப் என்று தெளிவாக, யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் கேட்டது. ஒரு மாதமாக ஏங்கிய சத்தம் அது. கேட்டிருக்கவே வேண்டாம் என்று இப்போது தோன்றியது.

"எத்தினி?"

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பன்னெண்டு. கெளம்புப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வியாழக்கெழம மெடிக்கல் பாப்பா." அவர் அவள் மடியில் கிடந்த தாளைத் தொட்டார். "மொதல்ல நூத்தி முப்பதுன்னு தான எழுதன. அதுவே இருக்கட்டுமே."

அவள் பேனாவை எடுத்தாள். அந்த எண்ணைக் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதினாள். வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். வழியெல்லாம் அவர் மணிக்கட்டை விடவே இல்லை. ஒவ்வொரு துடிப்பும் அடுத்தது வருமா என்ற பயத்தோடுதான் போனது.

ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "அடிச்சிருக்கீங்களே, இது என்ன?"

"அது எனக்குக் கேக்கவே இல்ல சார். கேட்ட மாதிரி எழுதிட்டேன். அத நம்பி நடக்கவும் வெச்சிட்டேன்." சொல்லிவிட்டாள். நாளைக்கு மேடத்துக்கும் போன் போட்டு இதையே சொல்லியாக வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டர் தனகோட்டியின் பக்கம் திரும்பினார். "மூச்சு வாங்குதாய்யா?"

"இல்..." என்று ஆரம்பித்தவர் மகளைப் பார்த்தார். அவள் கை தட்டவில்லை. அவர் ஒரு கையை முழுதாக விரித்து, இன்னொரு கையில் இரண்டு விரலை மெல்ல நீட்டினார்.

"ஏழுங்க," என்றார்.