யாரோ கொடுத்த கண்ணாடி

“அப்பாதான் போயிட்டாரே. அவர் கண்ணாடி இப்போ யாரைப் பாத்துக்கிட்டு இருக்கும்?”

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. கண்ணாடிக் கடைக்காரர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய மனைவி மேசைமேல் கிடந்த கண்ணாடியை மடித்து, உறைக்குள் போட்டு, வீட்டு அலமாரியின் இழுப்பறையில் வைத்தாள். கேள்வியையும் கூடவே வைத்துப் பூட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

கடையை அதன்பின் அவளே நடத்தினாள். ஊர் அவளைக் கண்ணாடியம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. கடைக்குப் பின்னால்தான் வீடு. அவ்வப்போது இழுப்பறையைத் திறந்து அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைப்பாள். பவர் மைனஸ் பதினொன்று. சோடா பாட்டிலின் அடிப்பாகம் என்று அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார். யோசிக்கும்போது காதுக்கம்பியின் நுனியைக் கடிக்கும் பழக்கம் அவருக்கு. அந்தப் பல்தடம் இன்னும் அதில் இருந்தது. சுவரில் மாட்டிய படத்தில் இருந்ததைவிட அந்தப் பல்தடத்தில்தான் அவர் அதிகமாக இருந்தார்.

மகள் வளர்ந்து துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. ஊரின் பள்ளமான பாதி ஒரே சாயங்காலத்தில் தண்ணீருக்குள் போயிற்று. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மகளை வெள்ளம் இழுத்துப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறியவளிடம், மழைக்கு அப்பாலிருந்து ஓர் ஆண்குரல், “கத்தாதேம்மா, பாடு. நிறுத்தாம பாடு” என்றதாம். வழிபாட்டுக் கூடத்தில் மாலையில் பாடும் பாட்டு ஒன்றுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பாடினாள். யாரோ வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மாடிப்படியில் ஏற்றிவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டார். முகம் தெரியவில்லை.

இதைக் கேட்டுக் கண்ணாடியம்மா அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது. சுருதி என்பது மகளுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. கூடத்துப் பாட்டுக் குழுவில், “நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்” என்று பக்குவமாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த மனிதரைத் தாயும் மகளும் தேடாத இடமில்லை. யாருக்கும் தெரியவில்லை. ‘ஒரே ஒரு தரம் கண்ணில் காட்டு, என்னால் ஆனதைச் செய்துவிடுகிறேன்’ என்பதே அவளுடைய தினசரிப் பிரார்த்தனை ஆயிற்று.

வீடிழந்தவர்களுக்கு வழிபாட்டுக் கூடம்தான் வீடாக இருந்தது. அங்கே உதவிப் பொருட்கள் வந்து குவிந்தன. கல்யாணத்துக்கென்று சேர்த்த புதுப் போர்வைகளை ஒரு பெண் மடிப்புக் கலையாமல் கொடுத்தாள். பத்து காசுக்கும் பேரம் பேசுகிற மளிகைக்காரர் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் ஓடிப்போனார். கொடுத்தவர் பெயரை எதிலும் எழுதக்கூடாது என்பது கூடத்துப் பெரியவரின் கண்டிப்பு. பெயர் எழுதினால் விளம்பரம், எழுதாவிட்டால்தான் தானம் என்பார்.

வெள்ளத்தில் கண்ணாடியைத் தொலைத்த பலர் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தடவித் தடவி எடுப்பதைக் கண்ணாடியம்மா கவனித்தாள். பசி தெரிகிறது, பார்வை போனது வெளியே தெரியவில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் கண்ணாடிகளை ஒரு பெட்டியில் போடச் சொல்லலாமே, பவர் பார்த்துப் பொருத்துவது என் பாடு என்று பெரியவரிடம் சொன்னாள். பெட்டி மூன்றே நாளில் நிறைந்தது. பெரும்பாலும் இறந்துபோனவர்களின் கண்ணாடிகள். ஒருத்தி பெட்டியில் போடுவதற்குமுன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடியம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய இழுப்பறை மட்டும் திறக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பவருக்கு யார் வரப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், மகள் கூடத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்த நேரம், ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். கல்லாவில் ஃபிரேம் மாட்டி வைக்கும் பொம்மைத் தலையிடம் வணக்கம் சொன்னார். இவள் இந்தப் பக்கமிருந்து பதில் சொன்னதும் தானே சிரித்துவிட்டார். பஸ் டிரைவராம்.

“கண்ணாடி இல்லாம வண்டியைத் தொடாதேன்னுட்டாங்கம்மா டிப்போவுல. நியாயம்தான். இப்போ நான் ஓட்டினா, அந்த வண்டியில நானே ஏற மாட்டேன்.”

தண்ணீர் சூழ்ந்த ஊர்களுக்குப் போக ஒரே ஒரு மேட்டுப் பாதைதான் திறந்திருந்தது. அதில் ஓட்டிப் பழகியவர் அவர் ஒருவரே. நோயாளிகளை ஏற்றிவர ஆள் இல்லாமல் வண்டி நின்றுகொண்டிருந்தது.

உட்காரவைத்துக் கண்ணைச் சோதித்தாள். ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் அவர் சுவரிலிருந்த எழுத்துகளைத் தடங்கலின்றிப் படித்தபோது, அவள் கை அப்படியே நின்றது. இரண்டு கண்ணிலும் மைனஸ் பதினொன்று.

“பெட்டியில இந்தப் பவர் இல்லண்ணே. ஆர்டர் போட்டாலும் வர ஒரு மாசம் ஆகும்” என்றாள். சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. இழுப்பறையைப் பற்றித்தான் சொல்லவில்லை.

பரவாயில்லை, நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர் என்று அவர் எழுந்தார். வருத்தத்தின் நிழல்கூட இல்லை. அது அவளை இன்னும் சுட்டது. ஏதாவது பேச வேண்டுமே என்று, பழைய கண்ணாடி எப்படிப் போயிற்று என்று கேட்டாள்.

முதல் அலையிலேயே தண்ணீர் பிடுங்கிக்கொண்டது என்றார். பஸ்ஸின் கூரைமேல் நின்றிருந்தவர், சுற்றிலும் அலறல் கேட்டுக் குதித்துவிட்டார். கண்ணுக்கு எல்லாம் ஒரே சேற்று நிறம். காது ஒன்றுதான் வழி.

“கத்துற குரல் எல்லாப் பக்கமும் சிதறிடும்மா. பாட்டு ஒரே இடத்துல நிக்கும். அதனால பாடச் சொன்னேன். ஒரு பொண்ணு பாடுச்சு பாருங்க, வழிபாட்டுப் பாட்டு. சுருதியும் இல்ல, தாளமும் இல்ல. அதைக் கேட்டா கடவுளே தாங்க மாட்டாம இறங்கி வந்து தூக்கிட்டுப் போயிருப்பாரு.”

கண்ணாடியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தெரு, வெயில், கடை எல்லாம் அடங்கிப்போய், அந்த அறையில் வேறு யாரோ வந்து நிற்பது போல இருந்தது.

“எத்தனை பேரைண்ணே கரை ஏத்தினீங்க?” குரல் அவளுடையதாகவே இல்லை.

“எண்ணலம்மா. எண்ணினா ஒண்ணு குறையும். ஒரு குரல் பாடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு. எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க முடியல. கண்ணாடி இருந்திருந்தா பாத்திருப்பேன். அதனால யாராச்சும் நன்றின்னு வந்து நின்னா காது கூசுது. நான்தான்னு யாருக்கும் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொன்னேன்னும் தெரியல.”

மகளைக் கூப்பிட்டுவர எழுந்த கால் அங்கேயே நின்றது. இத்தனை நாள் அவள் கேட்டது, இவரைக் கண்ணில் காட்டு என்று. காட்டியாயிற்று. ஆனால் நன்றி சொன்னால் இவருக்கு வலிக்கும். அப்படியென்றால் இது சொல்லாமல் தீர்க்க வேண்டிய கடன். அவர் யாரென்று தெரியுமுன்னே இல்லை என்று சொன்ன நாக்கை நினைத்து வெட்கப்பட்டாள். அதற்கும் சேர்த்துத்தான் கடன்.

“உக்காருங்கண்ணே. இன்னொரு தரம் தேடிப் பாத்துடறேன்.”

உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தாள். ஒரு கணம் கண்ணாடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ‘இத்தனை வருஷம் இருட்டிலேயே வெச்சுட்டேன், போய் ஊரைப் பாருங்க’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

“அடியில ஒண்ணு கிடந்துச்சுண்ணே. அதே பவர்.”

அவர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். விரலால் தடவிப் பார்த்தவர், கம்பி நுனியில் நிறுத்தினார். “கடிச்சிருக்காங்க போல.”

“நிறைய யோசிக்கிறவரா இருந்திருப்பாரு.”

“யாரு வீட்டுதும்மா?”

“கூடத்துல பேர் எழுதறதில்லையே, அண்ணே. யாரோ.”

“யாரா இருந்தாலும் சரி” என்று அவர் முகத்தை மேலே தூக்கினார். “அவங்க வீட்டுப் பிள்ளைங்க நல்லா இருக்கணும், ஆண்டவனே.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியை வாங்கி, காதுக்கம்பிகளைச் சூடுகாட்டி வளைத்து, அவர் முகத்துக்குப் பொருத்தினாள். இத்தனை நாள் கழித்துப் போடுவதால் சட்டென்று கண் கூசும், கொஞ்ச நேரம் மூடியிருங்கள் என்றாள். அவர் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை போல இமைகளை இறுக மூடிக்கொண்டார்.

வாசலில் யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை. கண்ணாடியம்மா ஓசைப்படாமல் மண்டியிட்டு, சேறு காய்ந்திருந்த அவர் செருப்புகளுக்கு முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தாள்.

“திறக்கட்டுமாம்மா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே.”

எழுந்தாள். நெற்றி மண்ணையும் முகத்தையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“ம். இப்போ திறங்க.”