பண்டலுக்குள் இருந்த பெயர்

விடியுமுன்பே கோவில்பட்டி தீப்பெட்டி ஆலை வாசலில் நாங்கள் ஏழு பெண்கள் பண்டல் சுமந்துகொண்டிருந்தோம். ஒரு பண்டலில் நூறு பெட்டி. தலையில் இரண்டை வைத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்த இரண்டு காத்திருக்கும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் கைவினைத் திருவிழா. எங்கள் முதலாளி சங்கரபாண்டியன் அங்கே கடை பிடித்திருந்தார். மயிலும் கோபுரமும் வரைந்த பெட்டிகளில் நாங்கள் குச்சி அடைப்பதை ஜனங்கள் வேடிக்கை பார்க்க வேண்டுமாம். ஏழு பேருக்கும் ஒரே நிறத்தில் புதுச்சேலை கொடுத்தார். புதுச்சேலையை வெறுத்து உடுத்தியது அன்றுதான்.

போன பதினாலாம் தேதி, என் பக்கத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வியின் மடியில் குச்சி உரசிப் பற்றியது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அவ எங்க ஆளே இல்ல சார், இங்க வேல பாக்குற அவ மதினிக்குச் சோறு கொண்டுவந்தவ" என்றார் முதலாளி. வருகைப் பதிவில் அவள் பெயர் இல்லை. எழுதாமல் விட்டவரும் அவரே. அவள் ஆலையில் வேலை பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக எங்களில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினார். வேலை போய்விடும் என்று பயந்து நானும் போட்டேன். அன்றிலிருந்து அந்தக் கையால் சோறு அள்ளும்போதெல்லாம் அவரைப் பழிவாங்கும் நினைப்புதான். திங்கட்கிழமை மறுவிசாரணை. அவள் வேலை பார்த்ததைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

பத்து மணிக்கே கடற்கரைத் தெருவில் கூட்டம் நெரிந்தது. பனையோலைக் கூடை, சிப்பி மாலை, மண்குதிரை என்று வரிசையாகக் கடைகள். எங்களில் சின்னவள் முத்துச்செல்வி கடலையே பார்த்ததில்லை. கூப்பிடு தூரத்தில் அலை இரைந்தது. எழுந்து போக அனுமதி இல்லை.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "எல்லாம் கைவேலை! இவியள என் பிள்ளைய மாதிரி வச்சிருக்கேன். இருவது வருசத்துல ஒருத்தி விரல்லகூடச் சூடு பட்டதில்ல!"

கையிலிருந்த பெட்டியை நான் கீழே வைத்தேன்.

ஒரு டீச்சரம்மா முழுப் பண்டல் வாங்கினார். மாணவிகளுக்குக் காட்ட அங்கேயே மேலே சுற்றிய தாளைக் கிழித்தார். உள்ளிருந்து ஒரு சீட்டு விழுந்தது.

"இசக்கிசெல்வி, பதினாலாம் தேதி... யாரும்மா இது?"

குச்சி குறைந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய, பெயரும் தேதியும் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தோடு பண்டலுக்குள் வைப்பது முதலாளி போட்ட சட்டம். அவள் அடைத்த பண்டல்களெல்லாம் எப்போதோ லாரி ஏறிவிட்டன என்று நினைத்திருந்தோம். அவற்றில் சிலதைத் திருவிழாவுக்கென்று ஒதுக்கியதை நாங்களும் மறந்தோம், அவரும் மறந்தார்.

"எங்ககூட அடைச்சவ தாயி" என்றாள் எங்களில் மூத்தவளான பத்திரகாளியக்கா. "கை வெந்து கிடக்கா. இவிய அவளைத் தெரியாதுங்காவ."

நான் அடுத்த பண்டலைக் கிழித்தேன். முத்துச்செல்வி இன்னொன்றை.

"ஏட்டி வேலுத்தாயி, தொடாத! நாளைக்கு ஆலைக்குள்ள கால் வைக்க மாட்ட!" முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார்; மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கடற்கரை முழுக்க அது கேட்டது.

முதலாளி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "சீட்டு வைக்கச் சொன்னது நீங்கதான அண்ணாச்சி? குத்தம் யாரோடதுன்னு தெரியணும்னு சொன்னியளே. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

கூட்டம் சூழ்ந்தது. பலர் செல்போனில் படம் பிடித்தார்கள். இசக்கிசெல்வியின் பெயரில் பதினொரு சீட்டு கிடைத்தது.

அவர் குரல் இறங்கியது. "வேன்ல ஏறுங்க. பேசித் தீத்துக்கிடுவோம்." முகமெல்லாம் வேர்வை. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு குளிர்ந்தது. இன்னும் வேர்க்கட்டும் என்றுதான் இருந்தது.

"எல்லாரையும் நிறுத்திட்டா என்னக்கா செய்ய?" என்று முத்துச்செல்வி காதோரம் கேட்டாள்.

"நிறுத்திட்டு அவரா வந்து பெட்டி அடைப்பாரு?" என்றாள் பத்திரகாளியக்கா. "நடங்கட்டி."

வேனை விட்டுவிட்டு, சீட்டுகளோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். திங்கட்கிழமை என்ன ஆகுமோ தெரியாது. நான் பொய்க் கையெழுத்துப் போட்டதை நானே சொல்லியாக வேண்டும். என்மேலும் வழக்கு வரலாம். வரட்டும். அவரும் அதே விசாரணை அறையில் நிற்பார், நான் பார்ப்பேன்.

முத்துச்செல்வி பையிலிருந்து பேனாவை எடுத்து, பதினாலாம் தேதிச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்: 'இவள் எங்களோடு வேலை பார்த்தாள்.' ஆறு பேரும் பெயர் எழுதிக் கையெழுத்திட்டார்கள். பேனா கடைசியாக என்னிடம் வந்தது.

அதே கையால் போட்டேன்.