மூடுபனியில் ஒரு வர்ணனை

வானொலியில் என் பதவிக்கு வர்ணனையாளர் என்று பெயர். அம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. சின்ன வயதில் நான் எதையாவது இழுத்துச் சொன்னால், "ரொம்ப வர்ணிக்காதே, விஷயத்துக்கு வா" என்பாள். என்னோடு மைக்கில் உட்காரும் பெரியவருக்கோ அந்தச் சொல்தான் உயிர். வெண்கலக் குரல் என்பதால் அவரை நிலையத்தில் எல்லோரும் வெண்கலம் என்றே சொல்வோம். "சொல்லுக்குள்ளயே வர்ணம் இருக்கும்மா. நடந்ததைச் சொல்றவன் அறிவிப்பாளன். அதுக்கு வர்ணம் பூசிச் சொல்றவன்தான் வர்ணனையாளன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூசுவதற்கு நான் என்ன சுவரா கட்டி வைத்திருக்கிறேன்?

என் தம்பி எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர். போன மாதம் ஓர் ஆட்டத்தில் கோல் கம்பத்தில் தலை மோதி விழுந்தான். கண் திறக்கவே வெகுநேரம் ஆனது. இப்போது தேறிவிட்டான், விளையாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் தேறவில்லை. அவனை வீட்டில் விருந்தாளி மாதிரி நடத்தினாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டாலும் ஒரு வார்த்தை கிடையாது. பேசினால் உடைந்துவிடுவான் என்பதுபோல் மெல்லப் பேசினாள். இந்த ஆட்டத்துக்கு அனுப்பவே மாட்டேன் என்று நின்றவள், கடைசியில் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீ மைக்ல இருக்கணும். உன் கண்ணால பாத்து, அவன் நல்லா நிக்கிறான்னு நீ சொல்லணும். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

இடைவேளைக்குப் பிறகு ஆற்றுப் பக்கமிருந்து பனி வந்தது. முதலில் கொடிகள் மறைந்தன, பிறகு எதிர்ப்பக்க இருக்கைகள், பிறகு தம்பி நின்ற கோல். பட்டப்பகலில் எங்கள் கண்ணாடி அறை எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. விசில் ஒரு பக்கமிருந்து கேட்டது, கைதட்டல் இன்னொரு பக்கமிருந்து. ஓர் ஆட்டக்காரர் இடுப்புவரை தெரிந்தார், யாரையோ தேடுவதுபோல் நின்றார், மறுபடியும் வெள்ளைக்குள் போய்விட்டார். எல்லாம் தூக்கத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தது. கீழே ரெஃபரிக்குப் பந்து தெரிந்ததோ என்னவோ, மனுஷன் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

வெண்கலம் அசரவில்லை. கண்களை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். இல்லாத பந்து இடமிருந்து வலம் போனது, யாரோ நெஞ்சில் வாங்கினார், யாரோ மூவரை ஏய்த்தார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நானே கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பந்து தம்பி பக்கம் திரும்பியது.

"கோல்கீப்பர் பாய்கிறார்... விழுகிறார்... எழவில்லை நேயர்களே, இன்னும் எழவில்லை..."

வீட்டில் அம்மா ரேடியோவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மைக்கைப் பிடுங்கினேன்.

"நேயர்களே, கோல்கீப்பர் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. இங்கிருந்து எதுவுமே தெரியவில்லை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா காத்திருந்தது இதற்கா? நிற்கிறான் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவன் உண்மையிலேயே விழுந்து கிடந்தால்? பார்க்காததைச் சொல்ல நாக்கு எழவில்லை. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லா போய்க்கிட்டிருந்ததுல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா" என்று வெண்கலம் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று சொல்லி ஜன்னலைத் திறந்தேன். பனி மேசைமேல் வந்து உட்கார்ந்தது. மைக்கைக் கை நீட்டும் தூரம்வரை வெளியே பிடித்தேன். பூட்ஸ்கள் சேற்றில் ஓடும் சத்தம், பந்து உதைபடும் சத்தம், யாருடைய இருமலோ. அப்புறம் வெறும் அமைதி. திடீரென்று அந்த வெள்ளைக்குள்ளிருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு தொண்டை திறந்தது.

"டேய் எருமை, அங்க என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? ஆளைப் பிடிடா. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

தொடர்ந்து, எங்கள் வானொலியில் அதுவரை ஒலிபரப்பாகாத சில வார்த்தைகளும் வந்தன.

"நேயர்களே, அது கோல்கீப்பரின் குரல்" என்றேன். "என் காதால் கேட்டுச் சொல்கிறேன்."

ஆட்டம் முடியும்வரை மைக்கை நீட்டியபடியே நின்றேன். அவன் தன் அணியில் ஒருத்தனையும் விட்டுவைக்கவில்லை. கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

கடைசி விசில் ஊதியதும் அறையில் போன் அடித்தது. நிலையத்திலிருந்துதான், வேலைக்கு வேட்டு என்று நினைத்தேன். வெண்கலம் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்கம்மா."

"கேட்டியாம்மா?" என்றேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஊரே கேட்டுச்சு" என்றாள் அம்மா. "அவனை நேரா வீட்டுக்கு வரச் சொல்லு. அந்த வாயிலயே ஒண்ணு போடறேன்."